ரோட்டில் நின்ற கணக்கு

அத்தியாயம் 14

நான்காயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு நாட்கள்.

கரோலின் கைபேசியில் கணக்கிட்டுப் பார்த்திருந்தாள். அண்ணன் லியோ இந்தச் சிங்காநல்லூர் வீட்டை விட்டுப் போய் அத்தனை நாட்கள் ஆகியிருந்தன. பதினொன்றரை வருஷம் என்று சொன்னால் வாயில் சுலபமாக வந்துவிட்டது. நாட்களாகச் சொன்னபோதுதான் அது எவ்வளவு என்று தெரிந்தது.

சனிக்கிழமை. ஈஸ்டர் முடிந்து ஆறு நாள். காலை ஆறே முக்கால்.

லியோ கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். பக்கத்தில் பழைய பியட் கார். அதன் மேல் சாய்ந்தபடி சிக்கந்தர் பாய், உக்கடத்தில் கார் பட்டறை வைத்திருப்பவர், டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாடா," என்றாள் அம்மா சூசைமேரி.

"இங்கியே இருக்கறம்மா. வண்டிய எடுக்கறதுதான வேல."

"நாலு இட்டிலி தின்னுபோட்டு எடுத்தா வண்டி ஓடாதா?"

"ஓடும். எனக்குத்தான் எறங்காது."

அம்மா திரும்பினாள். உள்ளே போய் இட்டிலியை டிபன் கேரியரில் அடுக்க ஆரம்பித்தாள்.

நடந்தது இதுதான். பியட் பத்து வருஷத்துக்கு மேல் ஓடாமல் ஷெட்டில் கிடந்தது. டிங்கரிங் வேலைக்கு என்று அப்பாவிடம் சொல்லி, பதினான்கு மாதத்துக்கு முன்பு கரோலின் அதைச் சிக்கந்தர் பாயின் பட்டறைக்கு அனுப்பினாள். பெருந்துறை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் லியோ, ஒவ்வொரு ஞாயிறும் வந்து அதன் இஞ்சினைப் பிரித்துக் கட்டினான். போன ஞாயிறு, ஈஸ்டர் பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது அப்பா அமிர்தராஜுக்கு அது தெரிந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"அவனே ஓட்டிட்டு வரட்டும். என்ற அம்பாசடரும் வரும். நரசீபுரம் வரைக்கும் போயிட்டு வருவோம். எது நல்லா இருக்குதோ அது ஊட்டுல இருக்கட்டும். இன்னொண்ணு போகட்டும்."

எழுபத்தைந்து வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. இரண்டு வண்டிகளையும் குனிந்து நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை என்று அவர் ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பொள்ளாச்சியில் பழைய கார்கள் சேர்க்கும் ஒருவர், இரண்டில் எதைக் கொடுத்தாலும் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அம்பாசடர் அப்பா வேலை பார்த்த மில்லின் மேனேஜர் ஓட்டியது. ஏலத்தில் எடுத்தது. பியட் பங்குச் சாமியார் ஓட்டியது. அவர் மாற்றலாகிப் போனபோது அம்மா ஆசைப்பட்டு வாங்கியது. அதனால் அது அம்மாவின் வண்டி. முன் சீட்டும் அம்மாவின் சீட்டு.

கரோலினுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இரண்டும் ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு முன்னும் பின்னுமாகப் போயின. அப்பா முன்னால் அம்பாசடரில். லியோவுக்கு லைசென்ஸ் வந்த பிறகு அவன் பின்னால் பியட்டில். டீ குடிக்க நிறுத்த வேண்டுமென்றால் லியோ இரண்டு முறை ஹாரன் அடிப்பான். அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டுவார். கரூர் தாண்டும் வரை ஆட்ட மாட்டார்.

அம்மா வந்து பியட்டின் முன் கதவைத் திறந்தாள். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சீட்டை ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

"ரெக்சின் மாத்தியிருக்கறயா?"

"ஆமாம்மா. பழசு பூரா எலி."

"கலரு அதேதான்."

"அதே கலருக்குத்தான் பாயும் நானும் மூணு மாசம் அலைஞ்சோம்."

அப்பா அம்பாசடரை ஷெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மகனைத் தாண்டித்தான் வண்டி போக வேண்டும். லியோ ஒதுங்கினான். அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சொன்னார்.

"பாய், பங்க்குல கழுத்து வரைக்கும் பெட்ரோல் போடச் சொல்லுங்க அவங்கிட்ட."

லியோ சொன்னான். "பாய், போடறேன்னு சொல்லுங்க."

"ஏனுங்ணா," என்றார் சிக்கந்தர் பாய், "நான் ஜட்ஜுன்னுதான கூப்டீங்க? தபால்காரன்னு சொல்லலியே."

●

திருச்சி ரோட்டில் பியட் முன்னால் போனது. கரோலின் அப்பாவோடு அம்பாசடரில் இருந்தாள். மடியில் இரண்டு நோட்டுகள். ஒன்று இன்றைக்கு எழுத. இன்னொன்று நீல அட்டை போட்டது, அப்பாவுடையது. கிளம்பும்போது அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு வண்டிக்கும் செஞ்சது பூரா இருக்குது. பராமரிப்புக் கணக்குக்கு வேணும்ல. எல்லாப் பக்கத்தையும் பாரு கண்ணு."

கரோலின் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கிறாள். இது மாதிரி வேலை அவளுக்குப் பிடிக்கும். மைலேஜ், மேடு, பிரேக், சாமான் என்று கட்டம் போட்டு வைத்திருந்தாள். சுங்கம் சிக்னலில் பச்சை விழுந்ததும் பியட் சட்டென்று விலகி முன்னேறியது. அம்பாசடர் யோசித்துவிட்டுக் கிளம்பியது. அதை எழுதினாள்.

"எழுது எழுது," என்றார் அப்பா. "அது கன்னுக்குட்டி மாதிரி துள்ளும். துள்ளி என்ன பண்ணறது? உடம்பு தாங்கோணும்ல. அந்த இஞ்சின் ஒரு சின்னத் தப்பக்கூடத் தாங்காது. இது அப்படியில்ல. இது பொறுத்துக்கும்."

இதை அவர் பதினொன்றரை வருஷமாகச் சொல்கிறார். பியட்டைப் பற்றிய பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இங்கே வந்து முடியும். அதற்குக் காரணம் அந்த நாள்.

அப்பா மில்லில் முப்பத்தோரு வருஷம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அங்கே ஒரு மெஷினைப் பிரித்து வேலை செய்தால் அதன் சுவிட்சில் சிவப்புத் துணி கட்டுவார்கள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. அந்த வழக்கத்தை அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்தார். காரில் ஆயிலோ தண்ணீரோ இறக்கினால் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி. லியோவின் பத்தாம் வகுப்புப் பரீட்சையின்போது டிவிக்கும் ஒன்று கட்டினார். பரீட்சை முடிந்து நான்கு நாள் ஆன பிறகும் அதை யாரும் தொடவில்லை. அப்பா மறந்துவிட்டிருந்தார். கிரிக்கெட்டைப் பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்தார்கள்.

ரேடியேட்டருக்கு அவர் நல்ல தண்ணீர்தான் ஊற்றுவார். போர் தண்ணீர் உப்பு. உள்ளே படியும். குழாயில் நல்ல தண்ணீர் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை வரும். அப்படி வரும் நாளைக்கு முந்தைய சாயங்காலம் பழைய தண்ணீரை இறக்கிவிட்டுத் துணியைக் கட்டிவிடுவார். காலையில் புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டு அவிழ்ப்பார்.

கரோலினின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் பியட்டுக்குத் தண்ணீர் இறக்கினார். மறுநாள் விடியற்காலையில், மாப்பிள்ளையின் பெரியப்பாவை அழைத்துவரச் சூலூருக்கு லியோ பியட்டை எடுத்துப் போனான். இருகூர் பிரிவில் இஞ்சின் சூடேறி இறுகி நின்றது. ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாததால் சூட்டைக் காட்டும் முள்ளும் ஏறவில்லை.

நிச்சயம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது. அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால் அப்பா சொன்னார், "துணி கட்டியிருந்தேன். அவுத்துப்போட்டு எடுத்துட்டுப் போயிருக்கறான்."

லியோ சொன்னான், "ஸ்டியரிங்குல துணியே இல்லீங்ப்பா."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

மில்லிலும் பங்குக் கோயிலிலும் அமிர்தராஜ் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அன்று ராத்திரி லியோ பெருந்துறைக்குப் பஸ் ஏறினான். அங்கேயே வேலை, அங்கேயே வீடு. கல்யாணத்துக்குக் கோயிலுக்கு மட்டும் வந்தான். கரோலினின் கணவன் கிளமென்ட், இப்போது மஸ்கட்டில் இருப்பவன், மைத்துனனிடம் மொத்தமாகப் பத்து நிமிஷம் பேசியிருப்பான்.

பேரூர் தாண்டியதும் காற்று மாறியது. பாக்குத் தோப்புகள் ஆரம்பித்தன. அம்பாசடர் நாற்பத்தைந்தில் ஒரே சீராகப் போனது. பின் சீட்டில் இரண்டு பேர் படுக்கலாம். சின்ன வயதில் அவளும் லியோவும் படுத்திருக்கிறார்கள். தலைக்குத் தலை முட்டும்.

"அப்பா."

"ம்?"

"ஒண்ணுமில்லீங்."

தொண்டாமுத்தூருக்கு அப்பால் ரோடு மெல்ல ஏறியது. அங்கே அம்பாசடர் இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டு நின்றது. அப்பா ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருந்தார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

முன்னால் போன பியட் நின்று, திரும்பி வந்தது.

லியோ இறங்கி வந்து அம்பாசடரின் பானெட்டைத் திறந்தான். யாரையும் பார்க்கவில்லை. பெட்ரோல் பம்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அம்மாவின் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நனைத்து, பம்பின் மேல் சுற்றினான்.

"சூட்டுல பெட்ரோல் ஆவியாயிப் போச்சு," என்றான் பொதுவாக. "அஞ்சு நிமிஷம்."

சிக்கந்தர் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "கரோலினு, எழுதிக்க. அம்பாசடர், மேட்டுல நின்னது, ஒண்ணு."

"இது இந்தக் காலத்துப் பெட்ரோலு பண்ற வேல," என்றார் அப்பா. "வண்டி என்ன பண்ணும்?"

"பியட்டும் அதே பங்க்குலதானுங் போட்டுச்சு."

அம்மா முன் சீட்டிலிருந்தே சிரித்தாள். சரியாக ஐந்து நிமிஷம் கழித்து அம்பாசடர் ஒரே அழுத்தில் பிடித்தது. அப்பா கியரைப் போடும் முன், பானெட்டை மூடிக்கொண்டிருந்த லியோவின் கைகளையே பார்த்தார். நகக்கண்களில் கிரீஸ். பிறகு வண்டியை எடுத்தார்.

●

நரசீபுரத்தில் ஆளில்லாத ரோட்டில் பிரேக் பார்த்தார்கள். ஐம்பதில் வந்து கோட்டில் அழுத்த வேண்டும். பாய் டேப் பிடித்தார். அம்பாசடர் பத்தொன்பது மீட்டர். பியட் பதினேழு.

அடுத்தது பாயின் சொந்தப் பரீட்சை. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை முன் கண்ணாடிக்குக் கீழே வைத்து, தோட்டத்துக்குப் போகும் குண்டும் குழியுமான பாதையில் போய் வர வேண்டும். அம்பாசடரில் பாதி டம்ளர் மிஞ்சியது. பியட்டில் டம்ளரே மிஞ்சவில்லை. அது உருண்டு அம்மாவின் மடியில் விழுந்தது.

"பட்டுச் சீல கட்டிட்டு வராதீங்கன்னு நேத்தே சொன்னேன்," என்றார் அப்பா.

"பதினோரு வருஷங் கழிச்சு என்ற வண்டி ஓடுது. நைட்டியிலயா வருவாங்க?"

தென்னை நிழலில் சாப்பிட்டார்கள். இட்டிலி, பொடி, ராத்திரி வைத்த மீன் குழம்பு. அப்பா ஒரு மரத்தடியில், லியோ இன்னொரு மரத்தடியில். நடுவில் அம்மாவும் கேரியரும்.

"அம்பாசடருக்குச் சாமான் உக்கடத்துல கண்ண மூடிட்டுப் போனாலும் கெடைக்கும்," என்றார் பாய், குழம்பை வழித்துக்கொண்டே. "இந்தப் பியட்டுக்கு ஒரு கேஸ்கெட் தேடி நாங்க ரெண்டு பேரும் ரம்ஜான் நோன்புல ஈரோடு வரைக்கும் போனோம். கெடைச்சது எங்க தெரியுமா? என்ற மச்சான் ஊட்டுப் பரண்மேல."

"சாமான் கணக்குல அம்பாசடர் செயிச்சுதுன்னு எழுது," என்றார் அப்பா.

"கிரீஸ் அடிக்கறது எந்த வண்டிக்கு ஜாஸ்தி?" என்றான் லியோ.

"அது அம்பாசடருக்குத்தான்," என்றார் பாய். "ஆனா உங்கப்பா அதப் பூசை மாதிரி பண்ணுவாரு. ஒரு தடவகூட உட்டதில்ல. பாரு, நோட்டுல இருக்கும்."

கரோலின் நீல நோட்டைத் திறந்தாள்.

அப்பாவின் கையெழுத்து பொடிப்பொடியாக, சாயாமல் இருந்தது. இடது பக்கம் அம்பாசடர், வலது பக்கம் பியட். ஆயில், பிளக், பாயின்ட், கிரீஸ். ஒவ்வொரு வேலைக்கும் நேராகச் சரி போட்ட குறி. ஆயிலோ தண்ணீரோ இறக்கிய நாட்களில் மட்டும் இரண்டு குறிகள். தண்ணீர் இறக்கியது, சரி. துணி கட்டியது, சரி. மார்ச்சில் இரண்டு. ஜூனில் இரண்டு. பக்கம் பக்கமாக அவள் எண்ணிக்கொண்டே போனாள்.

அந்த நாள் வந்தது. நிச்சயத்துக்கு முந்தின சனிக்கிழமை. பியட். தண்ணீர் இறக்கியது, சரி. துணி கட்டியது.

அதற்கு நேராக எதுவும் இல்லை. பேனா முனை வைத்த ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்குத் திண்டுக்கல்லிலிருந்து அத்தை குடும்பம் வந்து இறங்கியது அவளுக்கு நினைவு வந்தது. வாசலில் யாரோ அப்பாவைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே ஷெட்டிலிருந்து ஓடி வந்தார்.

பிறகு அந்த நோட்டு அவரிடமேதான் இருந்தது. அந்த இடத்தில் ஒரு குறி போட ஒரு நொடி போதும். மறுநாள் போட்டிருக்கலாம். அதற்குப் பிறகு எந்த நாளிலும் போட்டிருக்கலாம். போடவில்லை. அத்தனை பேர் முன்னால் ஒன்றைச் சொல்ல முடிந்தவரால், நோட்டில் அதை எழுத முடியவில்லை.

கரோலின் நிமிர்ந்தாள். அப்பா எதிர் மரத்தடியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பாதி இட்டிலி. அவள் பார்த்ததும் அவர் தலையைத் திருப்பி, மலையைப் பார்த்தார்.

"என்ன கண்ணு, கணக்கு வருதா?" என்றாள் அம்மா.

"வருதும்மா," என்றாள் கரோலின். நோட்டை மூடினாள்.

●

திரும்பும்போது ஆள் மாறினார்கள். அம்மாவும் பாயும் அம்பாசடரில். கரோலின் பியட்டில், அம்மாவின் சீட்டில்.

லியோ மேட்டில் இருந்து இறங்கும்போது கியரைக் குறைத்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியர்த் தண்டை இரண்டு விரலால் தள்ளினான். அப்பாவும் இரண்டு விரலால்தான் தள்ளுவார்.

"பொள்ளாச்சிக்காரன் எத்தன மணிக்கு வர்றான் திங்கக்கெழம?"

"பத்துக்கு."

"பியட் போச்சுன்னா நான் வர மாட்டன் அம்மணி. இப்பவே சொல்லிப்போடறேன்."

"வண்டிக்கும் நீ வர்றதுக்கும் என்னண்ணா?"

அவன் ஒரு டவுன் பஸ்ஸுக்கு வழி விட்டான்.

"வண்டி ஊட்டுல நின்னா, மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்தோணும்னு வரலாம். பிரேக் பாக்கோணும்னு வரலாம். எதுக்கு வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அது இல்லீன்னா நான் என்னன்னு சொல்லிட்டு வர்றது?"

பேரூர் வந்தது. கோயிலுக்கு முன்னால் கூட்டம். லியோ ஹாரனைத் தொட்டான். பழைய ஹாரன்தான், சத்தமும் பழையதுதான்.

"அண்ணா, அன்னைக்கு ஸ்டியரிங்குல ஒண்ணுமே இல்லியா?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"இத்தன வருஷத்துல இப்பத்தான் நீ கேக்கற."

அவளுக்கு முகம் சுட்டது. அது உண்மைதான். நிச்சயம் நடந்தது, கல்யாணம் நடந்தது, அவள் கேட்கவே இல்லை. அப்பா சொன்னதை ஊரைப் போலவே அவளும் நம்பினாள்.

"இல்ல கண்ணு. இருந்திருந்தா தொட்டிருப்பனா? டிவிக்குக் கட்டுனதையே தொடாதவன் நானு."

நோட்டு அவள் மடியில் இருந்தது. பக்கத்தைத் திறந்து காட்ட ஒரு நிமிஷம் போதும். காட்டினால் அண்ணன் வண்டியை ஓரம் கட்டுவான். பிறகு அம்பாசடர் வந்து நிற்கும். ரோட்டில் வைத்து அப்பாவைக் கேட்பான். அப்பா அதற்கு என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாப் பக்கத்தையும் பார் என்று சொன்னவர் அவர். அவளைப் பார்க்க வைத்தார். அவள் சொல்ல வேண்டும் என்றா, அல்லது தான் சொல்லப்போகிறார் என்றா?

உக்கடம் வரை யோசித்தாள். சுங்கம் வரை யோசித்தாள். சிங்காநல்லூர் பங்க் வந்துவிட்டது.

●

மறுபடியும் கழுத்து வரை பெட்ரோல். எழுபத்திரண்டு கிலோமீட்டர். அம்பாசடர் ஏழு லிட்டர் அறுநூறு. பியட் ஐந்து லிட்டர் இருநூறு. கரோலின் வகுத்தாள். ஒன்பதரை. பதின்மூன்று புள்ளி எட்டு.

அம்பாசடரை வீட்டுக் கேட்டுக்கு உள்ளேயும் பியட்டை வெளியேயும் நிறுத்தினார்கள். மணி நாலரை. சிக்கந்தர் பாய் அம்பாசடரின் பானெட் மேல் கரோலினின் நோட்டை விரித்தார். திறந்த கேட்டின் நடுவில் அம்மா நின்றாள். லியோ அவளுக்கு அந்தப் பக்கம், ரோட்டில்.

"மைலேஜ், பியட். மேடு ஏறுனது, பியட். பிரேக், பியட்," என்றார் பாய். "கெட்ட ரோடு, அம்பாசடர். எடம், சௌகரியம், அம்பாசடர். சாமான் கெடைக்கறது, அம்பாசடர். மூணுக்கு மூணு."

"கிரீஸ்?" என்றாள் அம்மா.

"அதுல ரெண்டும் குத்தமில்லீங்க்கா. பாத்தவரு அப்படிப் பாத்திருக்காரு." பாய் பேனாவால் கடைசிக் கட்டத்தைத் தட்டினார். "பாக்கி ஒண்ணே ஒண்ணு. ரோட்டுல நின்ன கணக்கு. அம்பாசடர் இத்தன வருஷத்துல இன்னைக்கோட சேத்து அஞ்சு தடவ. எல்லாம் ஃபேன் பெல்ட்டு, பம்புன்னு சில்லற. அரை மணி நேரத்துல கெளம்பிருச்சு. பியட் ஒரே தடவ."

அடுத்ததைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாக இருந்தது.

"ஆனா நின்னது பதினோரு வருஷம். இத வண்டி மேல எழுதுனா அம்பாசடர் செயிச்சுது. பியட் திங்கக்கெழம போயிரும். ஓட்டுனவன் மேல எழுதுனா வண்டிக்குக் குத்தமில்ல. பியட் நிக்கும். யார் மேல எழுதறது? நீங்கதான் சொல்லோணும்ணா."

அப்பா அம்பாசடரின் பானெட் மேல் கையை வைத்திருந்தார். அது இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை.

ஒரு தண்ணீர் லாரி கடந்து போனது. லியோ அதற்கு ஒதுங்கி நின்றான்.

"ஓட்டுனவன் மேல எழுதுங்க பாய்," என்றான் லியோ.

"லியோ..." என்றார் பாய்.

"நான்தான் துணிய அவுத்தேன். அவசரத்துல அவுத்துப்போட்டுப் போயிட்டேன். அப்பா சொன்னதுதான் நெசம்."

அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, அன்னைக்கு அத்தன தடவ இல்லீன்னு சொன்னியேடா."

"அன்னைக்குப் பொய் சொன்னம்மா." அவன் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. "வண்டிக்கு ஒண்ணும் கொறையில்ல. வண்டி நிக்கட்டும். எழுதுங்க பாய்."

பாய் பேனாவைக் கட்டத்தில் வைத்தார். லி என்று எழுதினார்.

"பாய், நிறுத்துங்க," என்றாள் கரோலின். நீல நோட்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள். அந்தப் பக்கத்தில் அவள் விரல் இருந்தது. திறக்கப் போனாள்.

"வேண்டாம் கண்ணு," என்றார் அப்பா.

அவர் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். மெதுவாக. பிறகு பாயிடமிருந்து பேனாவை வாங்கினார். எழுதியிருந்த எழுத்தை ஒரே கோட்டில் அடித்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னங்ணா, வண்டி மேலயா எழுதறது?" என்றார் பாய்.

"வண்டி மேல இல்ல. அவன் மேலயும் இல்ல."

அவர் அம்மாவைத் தாண்டி நடந்தார். கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு வந்தார். லியோவுக்கு முன்னால் போய் நின்றார். இத்தனை நாளில் முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தார்.

"லியோ. அன்னைக்கு நான் துணியே கட்டலடா."